நாங்கள் உட்காரப் பழகிய கதை

பதுளைக் கடைவீதியில் நான் வேலை செய்த புடவைக்கடையில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. அது முதலாளியுடையது. வாசலுக்குப் பக்கத்தில் அவருடைய மேசை, அதற்குப் பின்னால் அந்த நாற்காலி, அதற்கு மேலே சுவரில் மாலை போட்ட லட்சுமி படம். சேலை எடுக்க வருகிறவர்கள் உட்கார ஒரு நீள மர வாங்கு போட்டிருந்தார்கள். எங்களுக்கு ஒன்றும் கிடையாது. காலையில் கதவு திறந்ததிலிருந்து மாலையில் கதவு மூடும்வரை நிற்க வேண்டும். ஆள் வந்தாலும் நிற்க வேண்டும், ஈ ஓட்டினாலும் நின்றுகொண்டே ஓட்ட வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. தெமோதரைக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில்தான் எங்கள் வீடு. எனக்கு டவுனில் வேலை கிடைத்தபோது லயத்து வீடுகளில் ஒரே கொண்டாட்டம். அம்மா கொழுந்து எடுக்கிறவள். “எம் மகளுக்கு இனி அட்டக் கடி இல்ல, மழ இல்ல, வெயில் இல்ல” என்று பீலியில் தண்ணீர் பிடிக்க வந்த எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனாள். முதல் நாள் வேலை முடிந்து வந்து, வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு நான் முனகியதைப் பார்த்ததும் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

“ஏன்டி, நாங்க மலையில நின்னாலும் தேத்தண்ணி நேரத்துல குந்துவோம். கங்காணி கத்துனா கத்தட்டும்னு ஒரு வாய் வெத்தல போடுற வரைக்கும் குந்துவோம். கடைக்குள்ள குந்த விடமாட்டாங்களா?”

“விடமாட்டாங்கம்மா.”

“அப்புறம் என்னடி பெரிய கடை!”

பகல் முழுக்க நின்ற கோபத்தை நான் சாயந்தர பஸ்ஸில் காட்டுவேன். ஒரு சீட்டுக்காக நான் முழங்கையால் இடித்த இடிக்குத் தெமோதரை பஸ்ஸில் போனவர்களின் விலா எலும்பு சாட்சி சொல்லும். எனக்கு வாய் நீளம், கை அதைவிட நீளம். வெட்கப்படவில்லை, சும்மா சொல்கிறேன்.

கடையில் நாங்கள் நாலு பெண்கள். பெரகல சந்திப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி இருந்தாள். அவளை நாங்கள் பெரகலக்காரி என்றே கூப்பிடுவோம். எதற்கெடுத்தாலும் சிரிப்பாள், அடக்கச் சொன்னால் இன்னும் கூடச் சிரிப்பாள். சிங்களத்தில் பேசி வியாபாரம் செய்ய ஒரு சிங்களப் பெண் இருந்தாள். அவள் மொழியில் தங்கைக்கு நங்கி, நாங்கள் அப்படியே கூப்பிடுவோம். எங்களுடன் பழகித் தமிழும் பேசுவாள். மூத்தவள் அக்கா. நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்துக்காரி. சேலையை ஒரு உதறு உதறி விரித்தால் வாங்க வந்தவர்கள் விலை கேட்கவே மறந்துபோவார்கள். ஆனால் அவளுடைய சொந்தக் குரல் அவளுக்கே கேட்காது, அவ்வளவு அமைதி.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அக்கா முழுகாமல் இருந்தாள். பட்டுச்சேலை அலுமாரிக்குப் பின்னால் எங்களைக் கூப்பிட்டு, காதோடு காதாகச் சொன்னாள். பெரகலக்காரி வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள். நங்கி, “அனே அக்கே!” என்று கட்டிப் பிடித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஏனென்றால் இதற்கு முன்னால் ஒன்று தங்காமல் போன கதை எனக்குத் தெரியும்.

வயிறு தெரிய ஆரம்பித்தபோது கால் வீங்க ஆரம்பித்தது. சாயந்தரம் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த இடம் குழியாக நிற்கும். கிளினிக்கில் மருத்துவிச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இப்படிப் பொழுதுக்கும் நின்றால் இதுவும் தங்குமென்று நிச்சயம் சொல்ல முடியாது, காலைத் தொங்கவிட்டாவது உட்கார வேண்டும். அக்கா பயந்து பயந்து முதலாளியிடம் போய், ஆளில்லாத நேரம் கொஞ்சம் உட்காரலாமா என்று கேட்டாள்.

முதலாளியைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். யாருக்காவது காய்ச்சல் என்றால் வீட்டிலிருந்து கஞ்சி வரவழைப்பார். தாத்தா காலத்தில் இந்தியாவிலிருந்து வந்து துணி மூட்டை சுமந்து முன்னுக்கு வந்த குடும்பம். ஆனால் கடையில் வேலைக்காரர்கள் உட்கார்ந்தால் லட்சுமி எழுந்து போய்விடுவாள் என்பது அவருடைய அப்பா சொல்லிக் கொடுத்த பாடம். அதை மட்டும் அவரிடமிருந்து யாராலும் கழற்ற முடியாது.

“முடியலன்னா வீட்டுல இருந்துக்கம்மா” என்றார் அக்காவிடம். “நல்லபடியா பிள்ளையப் பெத்துக்க. அப்புறம் எடம் இருந்தா பாப்போம்.”

எடம் இருந்தால்! அந்த வேலையை விட்டால் அவளுக்கு மறுபடியும் மலையேறிக் கொழுந்து எடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. நின்றால் பிள்ளைக்குப் பயம், உட்கார்ந்தால் வேலைக்குப் பயம். அக்கா எங்களிடம் வந்து துணி மடிக்க ஆரம்பித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பெண்களைக் கூட்டிப் பேச டவுனிலிருந்து ஒரு வக்கீல் அம்மா வந்திருந்தார். பேசி முடித்துவிட்டு, கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். நான் துள்ளி எழுந்து, “மிஸ், கடையில நிக்கிறவங்களுக்கு ஒரு சட்டமும் இல்லையா?” என்று கேட்டேன்.

இருந்தது. எப்போதோ எழுதி வைத்திருந்தார்கள். பெண்கள் வேலை செய்யும் கடையில் அவர்களுக்கு இருக்கை போட வேண்டும், வேலை இல்லாத நேரம் அதில் உட்கார விட வேண்டும். பிள்ளைத்தாய்ச்சி என்று காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தவும் கூடாது. “இது மொதலாளி எரக்கப்பட்டுத் தர்றது இல்லம்மா. ஒங்களுக்குச் சேர வேண்டியது” என்றார் அவர். எனக்குச் சந்தோஷத்துக்குப் பதிலாக ஆத்திரம்தான் முதலில் வந்தது. அடப்பாவிகளா, இத்தனை நாள் யாருமே சொல்லவில்லையே! வீட்டுக்கு வந்த பிறகுதான் சந்தோஷம் வந்தது, வந்தது போகவே மாட்டேன் என்றது. தேங்காய் துருவும்போதுகூடச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை போன உடனே முதலாளியிடம் போட்டு உடைத்தேன். சட்டத்தில் இருக்கிறது, ஸ்டூல் வேண்டும், அக்காவை நிறுத்த முடியாது.

“சட்டமா? என் கடையில ஒக்காந்து வியாபாரம் பாத்தா லட்சுமி எந்திரிச்சுப் போயிருவா, தெரியுமா?”

“லட்சுமியே ஒக்காந்துதான முதலாளி இருக்கா!” என்று அவருடைய தலைக்கு மேலே கையைக் காட்டினேன்.

அவர் நாற்காலியோடு திரும்பி நிமிர்ந்து பார்த்தார். தாமரையில் சம்மணம் போட்டு அவள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். முதலாளி படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பெரகலக்காரி வேட்டிக் கட்டுகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“அவ சாமிடி! நீ சேல்ஸ் கேர்ள்!” என்று கடைசியில் கத்தினார். “போய் வேலயப் பாரு.”

வேலையைப் பார்த்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அக்காவையும் இழுத்துக்கொண்டு நேரே லேபர் ஒஃபிஸுக்குப் போனேன். அங்கிருந்த தொழில் அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான மனிதர், வெயிலிலும் கையில் குடை. நான் படபடவென்று கொட்டித் தீர்த்தேன். அவர் அக்காவைப் பார்த்து முதலில், “பிள்ளை, நீர் அந்தக் கதிரையில இரும்” என்றார். இரும் என்றால் அவர்கள் பேச்சில் உட்காரும் என்று அர்த்தம். அக்கா நாற்காலியின் நுனியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடும் மாதிரி உட்கார்ந்தாள்.

“சட்டம் கிடக்கு” என்றார் அவர் என்னிடம். “ஆனா அது தானா நடந்து கடைக்கு வராது. நான்தான் நடந்து வரவேணும். எனக்கும் முழங்கால் வருத்தம். எண்டாலும் வாறன்.”

சொன்னபடியே வந்தார். முதலாளி சோடா வரவழைத்தார், அதிகாரி குடிக்கவில்லை. வாங்கு இருக்கிறதே என்று முதலாளி சொல்லிப் பார்த்தார், அது வாடிக்கையாளருக்கு என்று இவர் சொன்னார். ஒருவழியாக நீல நிற பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வந்து இறங்கின. அக்காவின் விஷயத்துக்கு முதலாளி வேறு விதமாகப் பதில் சொன்னார்.

“சேர், நான் எங்க அவள நிப்பாட்டுறேன்? ஒக்காந்து வேல செய்ய முடியும்னா செய்யட்டும். ஸ்டூல் போட்டும் ஒக்காராம நின்னு, கால் வீங்குதுன்னா அதுக்கு நானா பொறுப்பு? அப்ப வீட்டுக்குப் போகத்தான் வேணும்.”

“சரி, பிள்ளையள் இருக்கினமோ எண்டு நான் சொல்லாமக் கொள்ளாம வந்து பாப்பன்” என்று சொல்லிவிட்டு அதிகாரி போனார்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். ஐயோ, எங்களுடைய முழங்கால்களைப் பற்றி எனக்கு அப்போது தெரியாது!

ஸ்டூலில் உட்காருவோம். முதலாளி லேசாகக் கனைப்பார், ஒரு வார்த்தை பேச மாட்டார். நாலு பேரும் எழுந்து நிற்போம். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் எழுவோம். பின்கட்டிலிருந்து அவருடைய மனைவி எட்டிப் பார்த்தால் எழுவோம். எங்கள் தோட்டத்தில், தோட்டத்தை நடத்தும் துரையின் ஜீப் சத்தம் கேட்டால், குளித்துக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து ஓரமாக நிற்பார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது நிற்கிறவர்களின் பிள்ளைகள் நாங்கள். பெரியவர்கள் வரும்போது உட்கார்ந்தே இருக்கிறவளுக்குத் திமிர் பிடித்தவள் என்று பேர். மூளை உட்காரச் சொல்லும், முழங்கால் கேட்காது. அக்காவுக்கு இதுதான் பெரிய கொடுமை. உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, சும்மா நின்றதைவிட இப்போது அதிகமாக மூச்சு வாங்கினாள்.

ஒரு நாள் அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். நாங்கள் உட்கார்ந்துதான் இருந்தோம், சத்தியமாக! அவருடைய குடை வாசலில் தெரிந்ததும், எங்களுக்காக நடந்து வந்த மனிதருக்கு மரியாதை கொடுக்க வேண்டாமா? நான்தான் முதலில் எழுந்தேன். மற்றவர்களும் எழுந்தார்கள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வரிசையாக நின்று, “வணக்கம் சேர்” என்று ஒரே குரலில் சொன்னோம்.

முதலாளியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பல்லெல்லாம் தெரிந்தது.

“பாத்தீங்களா சேர்? ஸ்டூல் இருக்கு. நான் ஒண்ணும் சொல்லல. பிள்ளைங்களுக்கு நின்னுதான் பழக்கம்.”

அதிகாரி எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். திட்டவில்லை. “பிள்ளையள், நீங்கள் இருக்கிறதைப் பாக்கத்தானே நான் வந்தனான்” என்றார், பாவம் போல. “இன்னொருக்கா வாறன். அப்பவும் நிண்டால் நான் எதைக் கண்டதெண்டு சொல்லுறது?”

அவர் போன பிறகு முதலாளி அக்காவைக் கூப்பிட்டு, இந்த மாதத்தோடு போதும் என்றார். நாங்கள் உட்கார்ந்திருப்பதை அதிகாரி வந்து கண்டால் அது வேறு கதை என்றும் சொன்னார், அப்படி நடக்காது என்ற தைரியத்தில். அன்று பஸ் ஸ்டாண்டில் அக்கா என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் என் முழங்காலை நாலு குத்துக் குத்தினேன்.

மறுநாளே ஒத்திகையை ஆரம்பித்தேன். மேல் மாடியில் சரக்கு அறை இருந்தது. சாப்பாட்டு நேரம் முழுக்க அங்கேதான். ஸ்டூல்களைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையாகப் போட்டு உட்காருவோம். பெரகலக்காரி குடையோடு உள்ளே வருவாள், அதிகாரியாம்! நாங்கள் எழக்கூடாது. முதல் நாள் எல்லோரும் எழுந்தோம், அவளும் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்து வயிற்றில் சேலைக் கட்டைச் சொருகிக்கொண்டு முதலாளியாக வந்து கனைத்தாள். அச்சு அசல் அதே கனைப்பு. மறுபடியும் எழுந்தோம்.

“ஏய், அது நான்தான்டி!” என்று கத்தினாள்.

“தெரியுதுடி! காலுக்குத் தெரியலையே!” என்றேன்.

நங்கிக்கு ஒரு யோசனை வந்தது. பாவாடை நாடாவால் எங்களை ஸ்டூலோடு சேர்த்துக் கட்டினாள். பெரகலக்காரி இந்த முறை துரையாக, கையில் முழக்கோலோடு வந்தாள். நான் ஸ்டூலையும் தூக்கிக்கொண்டே எழுந்து நின்றேன். பின்னால் நாலு காலும் நீட்டிக்கொண்டிருந்தது. அக்கா அன்றைக்குச் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. அவளுக்கு இவ்வளவு பெரிய குரல் இருந்ததா என்று ஆச்சரியப்பட்டுப் போனேன். கீழேயிருந்து முதலாளி, “மேல என்ன சத்தம்?” என்று கேட்டார். நாலு பேரும் எழுந்து நின்றோம்.

நங்கியைப் பார்த்து, “நீயுமா? ஒனக்கென்ன துரை பயம்?” என்று கேட்டேன்.

“அனே அக்கே, எனக்கு ஹாமதுரு வந்தா எந்திரிக்கணும், டீச்சர் வந்தா எந்திரிக்கணும். இல்லாட்டி அம்மா அடி” என்றாள். ஹாமதுரு என்றால் புத்த பிக்கு. எல்லா அம்மாக்களும் ஒன்றுதான் என்று தெரிந்தது.

ஆனால் பழகப் பழகக் கொஞ்சம் பிடிபட்டது. கால்களைப் பின்னிக்கொண்டால் உடனே எழ முடியாது. இரண்டு கையாலும் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது. வருகிறவரின் முகத்தைப் பார்க்காமல் அவருடைய செருப்பைப் பார்த்தால் மரியாதை குறைவாகத்தான் பொங்கும். வீட்டில் அம்மாவும் எனக்குப் பயிற்சி கொடுத்தாள். நான் குந்தியிருக்கும்போது திடீரென்று, “துரை வர்றாரு!” என்பாள். எழுந்தால் தலையில் ஒரு குட்டு.

மழைக்காலம் வந்தது. தீபாவளி முடிந்து கடைவீதியே தூங்கிவழிந்த ஒரு பிற்பகல். வெளியே மழை கொட்டு கொட்டென்று கொட்டியது, ஒரு ஈ காக்கைகூட இல்லை. நாலு பேரும் ஸ்டூலில். முதலாளி நாற்காலியில், பத்திரிகையோடு. முதலாளி சொன்ன கணக்கில் அக்காவுக்கு அது கடையில் கடைசி வாரம்.

வாசலில் ஒரு குடை மடங்கியது.

கால்களைப் பின்னினேன். ஸ்டூலை இறுக்கிப் பிடித்தேன். நங்கி கண்ணை மூடிக்கொண்டாள். பெரகலக்காரி உதட்டைக் கடித்துக்கொண்டாள், அவளுக்கு இன்னும் சிரிப்புதான் வந்தது. அதிகாரியின் நனைந்த செருப்பு உள்ளே வந்தது. என் முழங்கால் ஒரு துடி துடித்தது. “எந்திரிச்சே, வெட்டிப்புடுவேன்” என்று அதற்குச் சொன்னேன்.

கடையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ எழுந்துவிட்டார்கள்! போச்சு, எல்லாம் போச்சு என்று நிமிர்ந்தேன்.

முதலாளி! இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, “வாங்க சேர், வாங்க” என்று நின்றுகொண்டிருந்தார். சொல்லி முடித்துவிட்டு எங்களைப் பார்த்தார். நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். அவர் ஒருவர்தான் நின்றார். உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் அவர் தவித்த தவிப்பை என் கண்ணால் கண்டேன். எனக்கு ஒரு நிமிஷம் அவர் மேல் பாசமே வந்துவிட்டது. அவருக்கும் அதே முழங்கால்தான்!

அக்கா மட்டும் அசைந்தாள். நனைந்துகொண்டு வந்த மனிதரை நிற்க வைத்துவிட்டு உட்கார்ந்திருக்க அவளுக்கு மனசு கேட்கவில்லை. நான் சட்டென்று அவளுடைய முந்தானையைப் பிடித்து ஸ்டூலோடு அமுக்கினேன். அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அப்புறம் இருந்த இடத்திலிருந்தே, கணீரென்று, “சேர், நனஞ்சுட்டீங்களே. ஒக்காருங்க சேர்” என்றாள்.

“நன்றி பிள்ளை” என்று அவர் வாங்கில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு முதலாளியைப் பார்த்து, “கண்ணாரக் கண்டிட்டன். உந்தப் பிள்ளை தன்ர பிள்ளைப்பேற்று லீவு வரைக்கும் இப்பிடியே இருந்து வேலை செய்வா. லீவு முடியத் திரும்பி வருவா. சரிதானே?” என்றார்.

“சரிதான் சேர்” என்றார் முதலாளி, நின்றபடியே.

அப்படியேதான் நடந்தது. அக்கா லீவு எடுக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து சேலை விரித்தாள். பெண் பிள்ளை, நல்ல கொழுக் மொழுக். லீவு முடிந்து அக்கா திரும்பி வந்தாள். நான் கல்யாணமாகி அந்தக் கடையை விட்ட பிறகும் அங்கேதான் இருந்தாள். எல்லாம் பிற்பாடு. அன்றைக்கு நடந்த இன்னொன்றைத்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

அதிகாரி குடையை விரித்துக்கொண்டு மழைக்குள் போனார். முதலாளி மெதுவாகத் தன் நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டார். நாங்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தோம், சத்தம் போட்டுச் சிரிக்கவும் பயம், சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. அப்போது அக்கா, “ஸ்ஸ்” என்று வயிற்றைப் பிடித்தாள். எனக்கு உயிரே போய்விட்டது.

“என்னக்கா? வலிக்குதா?”

“இல்லடி” என்றாள். அவள் கண்ணெல்லாம் சிரிப்பு. “சேர் வந்ததுலயிருந்து உள்ள ஒண்ணு எந்திரிச்சு எந்திரிச்சு உதைக்குது.”

பிறகு குனிந்து, யாருக்கும் கேட்காத அவளுடைய பழைய குரலில், வயிற்றைத் தட்டிக்கொடுத்துச் சொன்னாள்: “ஒக்காரு சாமி. நீ யாருக்கும் எந்திரிக்க வேணாம்.”